ஹலோ, மைக் டெஸ்டிங்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். உருப்படியான வேலை எதுவும் கைவசம் இல்லை. போனை ஒரு எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்து, ஸ்லோமோஷன் போட்டு, என் பழைய மேசைக் கணினியின் பவர் பட்டனை அமுக்கினேன். நாற்பதே விநாடியில் டெஸ்க்டாப் வந்துவிட்டது. அந்த நாற்பது விநாடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து முடிப்பதற்குள் ராத்திரி பதினொன்று.

அடேயப்பா, அதற்குள் என்னவெல்லாம் நடக்கிறது! திரை மூன்று தடவை இருட்டாகிறது. கீபோர்டின் மூன்று விளக்குகளும் ஒரே ஒரு முறை பளிச்சிட்டு அணைகின்றன. லோகோ ஒரு மில்லிமீட்டர் துள்ளுகிறது. மூலையில் ஒரு கோடு தனியாகக் கண்சிமிட்டிவிட்டுக் காணாமல் போகிறது. கொட்டை எழுத்தில் வந்துகொண்டிருந்த வரிகள் சட்டென்று எறும்பு சைஸுக்குச் சுருங்குகின்றன. பத்து வருஷமாக தினமும் என் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நான் அந்த நேரத்தில் காபி போடப் போய்விடுவேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். திரை இன்னும் விலகவில்லை. முதலில் சவுண்டு சர்வீஸ்காரர் வந்து, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்கிறார். அவரிடமிருந்து மைக்கைப் பிடுங்கி பி.டி. மாஸ்டர், வாசலில் வண்டி நிறுத்தியவரை எடுக்கச் சொல்கிறார். அடுத்து தொகுப்பாளர். அப்புறம்தான் தலைமையாசிரியர். ஒருவர் பேசியது மற்றவருக்குத் தெரியாது. மைக் கை மாறும்போதெல்லாம் ஒரு 'கீய்ங்' சத்தம் வரும்.

கணினி தொடங்குவதும் அச்சு அசல் இதேதான். திரை ஒன்று, பேசுகிறவர்கள் நாலைந்து பேர். நாம் பார்த்து முழிக்கிற கோளாறுகளில் பாதிக்கு மேல் அந்த 'கீய்ங்'தான். வாருங்கள், மேடைக்குப் பின்பக்கமாகப் போவோம். தலை குனிந்து வாருங்கள், ஒயர் தொங்குகிறது.

மைக்கே இல்லாத நேரம்

முதலில் ஒரு ஏமாற்று வேலை. பட்டனை அமுக்கியதும் திரையில் முதலில் தெரிகிற லோகோவோ, 'நோ சிக்னல்' என்று மிதக்கிற பெட்டியோ கணினி காட்டுவதே இல்லை. அது மானிட்டர் தன் சொந்தச் செலவில் போடுகிற படம். மானிட்டருக்குள் அதற்கென்று ஒரு குட்டி மூளை இருக்கிறது. அந்த நேரத்தில் கணினிக்குத் திரை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அப்படியானால் கணினி என்ன செய்துகொண்டிருக்கிறது? 1981இல் வந்த ஐபிஎம் பிசியை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் வந்ததும் அதன் பிராசசர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு முகவரிக்கு ஓடும். அது எட்டக்கூடிய 10 லட்சத்துச் சொச்சம் பைட்டுகளின் கடைசி மூலை அது. அங்கிருந்து சுவருக்கு மிச்சம் 16 பைட்டுதான்! பதினாறு பைட்டில் என்ன நிரலை எழுத முடியும்? 'இங்கே இல்லை, அந்தப் பக்கம் போ' என்று மட்டும் எழுதலாம். அதைத்தான் எழுதினார்கள். அதற்கு 5 பைட்டு போயிற்று. மிச்ச இடத்தை வீணாக்குவானேன் என்று அடுத்த 8 பைட்டில், கணினியைத் தொடங்கிவைக்கிற பயாஸ் என்ற நிரலை எழுதிய தேதியைப் பொறித்தார்கள். முதல் ஐபிஎம் பிசியில் அங்கே 04/24/81 என்று இருக்கும். வாசற்படியில் வீடு கட்டிய வருஷத்தைப் பொறிக்கிற நம் ஊர்ப் பழக்கம்தான்.

இந்த இருட்டில் ஏதாவது கோளாறு என்றால் எப்படிச் சொல்வது? திரை கிடையாது, ஆனால் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. அதனால்தான் பீப். ஒரு குட்டி பீப் என்றால் எல்லாம் சரி. ஒரு நீளம், இரண்டு குட்டி என்றால் 'திரையோடு பேச முடியவில்லை' என்று அர்த்தம். திரை வரவில்லை என்பதைத் திரையில் எழுத முடியாதே!

முதல் வாய்ப்பு யாருக்கு?

பழைய கணினி வைத்திருந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். பயாஸ் தன் பெயரைப் போடுவதற்கு முன்பே, மேல் மூலையில் வீடியோ கார்டின் பெயரும் அதன் நினைவக அளவும் ஒரு விநாடி தோன்றி மறையும். வீட்டுக்காரருக்கு முன்னால் விருந்தாளி பேசுகிற மாதிரி. பல நாள் இதை ஏதோ விளம்பரம் என்று நினைத்திருந்தேன்.

விளம்பரமே இல்லை. பயாஸுக்கு அந்த வீடியோ கார்டை எப்படி இயக்குவது என்று தெரியாது. அது தெரிந்த நிரல் கார்டுக்கு உள்ளேயே ஒரு சில்லில் இருக்கிறது. எனவே பயாஸ் செய்கிற முதல் காரியங்களில் ஒன்று, மைக்கைக் கார்டிடம் கொடுத்து, "அண்ணே, முதல்ல நீங்க எழுந்திருங்க, அப்புறம்தான் எனக்கு வாயே திறக்கும்" என்பதுதான். கார்டு எழுந்து, திரையை உயிர்ப்பித்து, கிடைத்த சந்தர்ப்பத்தில் தன் பெயரையும் ஒரு தடவை சொல்லிவிட்டு உட்காரும். மேடையில் விளக்குப் போட்டவர் "விளக்கு உபயம்" என்று சொல்லிக்கொள்வதில் என்ன தப்பு?

திரை இரண்டு மூன்று தடவை இருட்டாவதற்கும் இந்தக் கைமாற்றம்தான் காரணம். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த அளவில் படத்தை அனுப்புகிறார்கள். பயாஸ் ஒரு அளவு, விண்டோஸின் லோகோ ஒரு அளவு, கிராபிக்ஸ் டிரைவர் வந்தபின் ஒரு அளவு. அளவு மாறும்போதெல்லாம் மானிட்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு புது சிக்னலைப் பிடிக்க ஒன்றிரண்டு விநாடி ஆகிறது. அதுதான் அந்த இருட்டு. மானிட்டர் போய்விட்டது என்று பயந்து கேபிளைப் பிடுங்கிச் சொருகியிருக்கிறேன். நீங்களும் செய்திருப்பீர்கள், ஒத்துக்கொள்ளுங்கள்.

ஒன், டூ, த்ரீ

இப்போது சவுண்டு சர்வீஸ்காரர் களத்தில். பழைய கணினிகளில் நினைவக எண்ணிக்கை ஓடும் பாருங்கள், பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி கடகடவென்று! அது அலங்காரம் இல்லை. நினைவகத்தில் எதையாவது எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் வந்ததா என்று நிஜமாகவே சோதித்துக்கொண்டு போகிறது.

ஆனால் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அமுக்கி மறுபடி தொடங்கினால் இந்த எண்ணிக்கை ஓடாது. கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஐபிஎம் பிசியில் நினைவகத்தின் ஓர் ஓரத்தில் 1234 என்ற எண்ணை எழுதிவிட்டுத்தான் அது மறுதொடக்கத்துக்குள் குதிக்கும். எழுந்ததும் அந்த இடத்தைப் பார்க்கும். 1234 இருந்தால், "ஓ, நாம் இப்போதுதான் படுத்தோம், சோதனையெல்லாம் வேண்டாம்" என்று தாண்டிப் போய்விடும். ஐபிஎம்மின் பொறியாளர் டேவிட் பிராட்லி உருவாக்கிய மூன்று பட்டன் வித்தைக்குப் பின்னால் இருப்பது, குழந்தைகூடப் பூட்டுக்கு வைக்காத ஓர் எண்!

கீபோர்டு விளக்குகள் பளிச்சிட்டனவே, அது ஏன்? கீபோர்டுக்குள்ளும் ஒரு சில் உண்டு. "நீ சரியாக இருக்கிறாயா?" என்று பயாஸ் கேட்க, அது தன்னைத்தானே ஒரு முறை சோதித்துக்கொண்டு, விளக்கை எரித்துப் பார்த்துவிட்டு, 'ஏஏ' என்று ஒரு பைட்டைத் திருப்பி அனுப்பும். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" சொல்வது போல. இருமத்தில் எழுதினால் அந்த ஏஏ என்பது 10101010. வன்தட்டின் முதல் 512 பைட்டுகள் கணினியைத் தொடங்கக்கூடியவைதானா என்று பார்க்க, அவற்றின் கடைசியில் தேடப்படுவது 55 ஏஏ. அதாவது 01010101, 10101010. ஒன்றும் பூஜ்யமும் மாறி மாறிக் கோலப் புள்ளி மாதிரி! இந்த முத்திரை இல்லையென்றால் பயாஸ் அந்தத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கீபோர்டு 'உள்ளேன்' சொல்லவில்லையானால் வருவதுதான் உலகப் புகழ்பெற்ற அந்த வாசகம்: கீபோர்டு இல்லை, தொடர எஃப்1ஐ அமுக்கவும். காது கேட்கவில்லையென்றால் கையைத் தூக்குங்கள் என்பது போல இருக்கிறதா? எழுதியவருடைய பக்கத்திலிருந்து பாருங்கள். கழன்ற ஒயரைச் சொருகிவிட்டு, சொருகியது வேலை செய்கிறது என்பதற்கு அத்தாட்சியாக ஒரு விசையை அமுக்கச் சொல்கிறார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில் 'முதலில் கீபோர்டைச் சொருகுங்கள்' என்பதைச் சேர்க்க மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

கடிகாரம் பின்னால் போன கதை

போன வருஷம் ஒரு நாள், கணினி திறந்ததும் கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எர்ரர்' என்று வந்தது. எஃப்1ஐ அமுக்கி உள்ளே போனால் எந்த வலைத்தளமும் திறக்கவில்லை. மோடத்தைத் திட்டினேன். கேபிள்காரரைத் திட்டினேன். அப்புறம் மூலையில் தேதியைப் பார்த்தால், கணினி தான் பிறந்த வருஷத்துக்கே திரும்பிப் போயிருந்தது! வலைத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களெல்லாம் அதன் கணக்குப்படி இன்னும் வழங்கப்படவே இல்லை. பின்னே எப்படித் திறக்கும்?

குற்றவாளி, மதர்போர்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு நாணய சைஸ் பேட்டரி. பெயர் சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3 வோல்ட். கணினியை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது அதுதான். கடிகாரத்தின் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண்? பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், சரியாக 1 வரும். ஒரு விநாடி! பேட்டரி செத்தால் கடிகாரமும் நிற்கிறது, சிமாஸ் என்ற குட்டி நினைவகத்தில் இருக்கிற கணினியின் அமைப்புகளும் கலைகின்றன. பயாஸ் அந்த அமைப்புகளைக் கூட்டிப் பார்க்கிறது, கூட்டுத்தொகை உதைக்கிறது, அந்த வரியை எழுதுகிறது.

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேடிக்கை உண்டு. லினக்ஸில் வேலை முடித்துவிட்டு விண்டோஸுக்குள் போனால், காலை 10 மணிக்குக் கடிகாரம் 4:30 காட்டும். பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்புகிறது. அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நம்புகிறது. ஒரே சுவர்க் கடிகாரம், இரண்டு மாமியார். வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம். சென்னையிலும் ஐந்தரை, யாழ்ப்பாணத்திலும் ஐந்தரை. கணினி உங்கள் ஊரை இப்படியும் காட்டிக்கொடுக்கும்.

படுதாவில் வரைந்த படம்

இனி அந்த அழகான லோகோக்கள். அவை மேடையை மறைக்கிற படுதா. பின்னால் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்காமல் இருக்கத்தான்.

விண்டோஸ் 95இன் மேகப் படம் ஞாபகம் இருக்கிறதா? 'லோகோ.சிஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பை வைத்தால் அந்தப் படத்துக்குப் பதில் அது வரும். பெயரைப் பார்த்து நடுங்க வேண்டாம், உள்ளே இருப்பது சாதாரண பிட்மேப் படம்தான். பெயின்ட்டில் திறந்து மீசை வரையலாம். ஆனால் அளவு விசித்திரம்: 320க்கு 400. அகலத்தைவிட உயரம் அதிகம். பெயின்ட்டில் எல்லாம் ஒடிசலாக, வறுமையில் வாடியது போல் தெரியும். தொடங்கும்போது திரை அதைப் பக்கவாட்டில் இழுத்துச் சரியாக்கிவிடும். இது தெரியாமல் தன் போட்டோவைப் போட்டவர்கள் மறுநாள் பூசணிக்காய் முகத்தோடு வரவேற்கப்பட்டார்கள்.

அந்தப் படத்தின் அடியில் ஒரு பட்டை ஓடிக்கொண்டே இருக்குமே? எதுவும் ஓடவில்லை! ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை. வண்ணப் பட்டியலை மட்டும் வட்டமாகச் சுழற்றினார்கள். '7ஆம் வண்ணம்' இந்தக் கணம் நீலம், அடுத்த கணம் வெள்ளை. கல்யாண மண்டப வாசலில் சீரியல் பல்பு 'ஓடுவது' போல. எஸ்கேப் விசையைத் தட்டினால் படுதா விலகி, பின்னால் டாஸ் கறுப்புத் திரையில் வேலை பார்த்துக்கொண்டிருப்பது தெரியும்.

2001இல் வந்த எக்ஸ்பியில் மூன்று நீலக் கட்டங்கள் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தன. எத்தனை சுற்றில் திறக்கிறது என்று எண்ணி, "என் சிஸ்டம் ஏழு, உன் சிஸ்டம் பத்து" என்று பெருமை பேசிய தலைமுறை நாங்கள். அந்தக் கட்டங்களுக்கோ எவ்வளவு வேலை முடிந்தது என்று எதுவுமே தெரியாது. 'உயிரோடு இருக்கிறேன்' என்பது மட்டும்தான் அவை சொன்ன சேதி.

என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது அடுத்த விஷயம். விண்டோஸ் 8இலிருந்து, லோகோவுக்குக் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன அல்லவா? அது வீடியோ இல்லை. அசையும் படமும் இல்லை. அது ஒரு எழுத்துரு! சுழற்சியின் ஒவ்வொரு நிலையும் ஒரு எழுத்து. அ, ஆ, இ மாதிரி எந்த எழுத்துக்கும் ஒதுக்கப்படாத யூனிகோடு இடங்களில் அந்தப் 'புள்ளி எழுத்து'களை வரைந்து வைத்திருக்கிறார்கள். கணினி செய்வதெல்லாம் ஒரே இடத்தில் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக 'எழுதுவது'தான். தொடங்கும் நேரத்தில் வீடியோ ஓட்டுகிற வசதி கிடையாது, எழுத்து எழுதத் தெரியும். எழுத்துரு என்பதால் எந்தத் திரை அளவுக்கும் பிசிறில்லாமல் பெரிதாகும். நாம் தினமும் பார்ப்பது சுற்றும் புள்ளிகளை இல்லை, யாராலும் உச்சரிக்க முடியாத ஒரு வாக்கியத்தை!

புள்ளிகளுக்கு மேலே இருக்கிற கணினி நிறுவனத்தின் லோகோவை விண்டோஸ் வரைவதில்லை. பயாஸின் வாரிசான யுஇஎஃப்ஐ வரைந்த படம் அது. வரைந்த இடத்தையும் படத்தையும் ஒரு சீட்டில் குறித்து அடுத்தவரிடம் கொடுக்கிறது. அடுத்தவர் அதே படத்தை அதே இடத்தில் திரும்ப வைக்கிறார். கணக்கு இம்மி பிசகினால் லோகோ ஒரு துள்ளல் துள்ளும். என் ஸ்லோமோஷனில் சிக்கிய அந்த ஒரு மில்லிமீட்டர் அதுதான்.

படுதா என்று இதை லேசாக எண்ணிவிடவும் முடியாது. 2023 டிசம்பரில் பைனார்லி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 'லோகோஃபெயில்' என்று பெயரிட்டு ஒரு குறையை வெளியிட்டார்கள். லோகோ படத்தைப் படிக்கிற நிரலிலேயே ஓட்டைகள். விஷம் வைத்த ஒரு படத்தை லோகோவாக மாட்டிவிட்டால், இயங்குதளம் கண் விழிப்பதற்குள் கணினி அடுத்தவன் கையில். நிறுவனங்கள் அவசரமாகத் திருத்தங்களை வெளியிட்டன.

படுதாவை விலக்கினால்

லினக்ஸ் கணினியில் லோகோ வரும்போது எஸ்கேப்பைத் தட்டுங்கள். ஆஹா, ஒப்பனை அறைக் கதவு திறந்துவிட்டது! கறுப்புத் திரையில் வரிகள் அருவியாகக் கொட்டும். பின்னர் ஆற அமரப் படிக்க 'டிமெஸ்ஜி' என்ற கட்டளை இருக்கிறது.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் சதுர அடைப்புக்குறிக்குள் நேரம். முதல் வரி 0.000000. இரண்டாவது வரியும் 0.000000. அதற்கடுத்ததும் அப்படியே! இத்தனை வேலையையும் பூஜ்ய நேரத்தில் முடித்ததா? கடிகாரத்தை இன்னும் யாரும் எழுப்பவில்லை, அவ்வளவுதான். மணியடிக்கிற பியூன் வருவதற்குள் நடந்த வகுப்புகள் அவை.

கொஞ்சம் கீழே 'டம்மி' என்று ஒரு வரி: 80க்கு 25 அளவில் ஒரு கலர் டம்மி சாதனம். உண்மையான திரையைக் கையாளும் பகுதி எழும்வரை, லினக்ஸின் மையமான கெர்னல் ஒரு பொம்மைத் திரையிடம் பேசிக்கொண்டிருக்கிறது. பேசியதையெல்லாம் நினைவகத்தில் ஒரு வளையத்தில் சேர்த்துவைக்கிறது. நிஜத் திரை வந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டுகிறது. ஆக, முதலில் பாய்ந்து வருகிற வரிகள் நேரடி ஒளிபரப்பு இல்லை, மறு ஒளிபரப்பு. அப்புறம் கிராபிக்ஸ் டிரைவர் வந்து மைக்கை வாங்குகிறது, திரையின் முழு அளவுக்கு மாறுகிறது, கொட்டை எழுத்து எறும்பாகிறது.

இன்னொரு வரியில் 'போகோமிப்ஸ்' என்று ஒரு பெரிய எண் இருக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் 1993இல் புகுத்திய அளவு. கணினி வெறுமனே எத்தனை முறை சுற்றினால் இவ்வளவு நேரம் கழியும் என்று பார்க்கிற கணக்கு. 'போகஸ்', அதாவது போலி என்பதைப் பெயரிலேயே ஒட்டிவைத்துவிட்டார். இன்றைய கணினிகள் பலவற்றில் அது சுற்றிப் பார்ப்பதுகூட இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் என்றால் இரண்டால் பெருக்கி 4800 என்று எழுதிவிடுகிறது. வாய்ப்பாடு ஒப்பித்துத் தப்பிக்கிற பையன்!

என்னிடம் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றும் இருக்கிறது. அதைத் தொடங்கினால் முதலில் ஒரு வானவில் சதுரம் வரும். அதில் மைக் முதலில் பிராசசர் கையில் இல்லை, கிராபிக்ஸ் சில் கையில். அதுதான் முதலில் விழித்து, நாலே நாலு புள்ளிகளைத் திரை முழுக்க இழுத்து அந்த வானவில்லைக் காட்டி, பிறகு பிராசசரை எழுப்புகிறது. அடுத்து மேலே நான்கு ராஸ்பெர்ரிப் பழங்கள் வரிசையாக நிற்கும். அழகுக்கு என்று நினைத்தேன். பிராசசரின் கருக்கள் (கோர்) நான்கு, அதனால் பழமும் நான்கு! சாதாரண லினக்ஸில் பழத்துக்குப் பதில் பெங்குவின், கருவுக்கு ஒன்று. பந்தியில் எத்தனை பேரோ அத்தனை இலை.

கடைசியாக, என் சொந்த முட்டாள்தனம். பழைய வன்தட்டு ஒன்றைக் கழற்றினேன். கழற்றியதைக் கணினியிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து தொடங்கும்போதெல்லாம் சிவப்பு நட்சத்திரக் குறிகள் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டு ஒன்றரை நிமிஷம் நின்றன. இல்லாத தட்டுக்காக 90 விநாடி வாசலில் காத்திருக்கிறது பாவம்! தட்டுகளின் பட்டியலில் ஒரு வரியை அழித்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அந்த ஆடும் சிவப்பை வரைகிற நிரலின் பெயரைப் பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். 'டிரா சைலான்'. 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொலைக்காட்சித் தொடரில் சைலான் என்ற இயந்திர மனிதர்களுக்குச் சிவப்புக் கண் இப்படித்தான் இடவலமாக ஓடும்.

இத்தனையும் பார்த்து முடிக்கையில் படம்பிடித்த போனின் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது. சார்ஜரில் போட்டுப் பட்டனை அமுக்கினேன். லோகோ வந்தது. அசையாமல் நின்றது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், திரை இருண்டு, அதே லோகோ இப்போது அசைந்தாடிக்கொண்டு வந்தது.

"பார்த்தியா! மைக் கை மாறிடுச்சு!" என்று கத்திவிட்டேன். முதல் லோகோ போனின் தொடக்க நிரலுடையது, இரண்டாவது ஆண்ட்ராய்டுடையது. அந்த அசைவுக்குள் இருப்பது வரிசையாக அடுக்கிய படங்களின் ஒரு ஜிப் கோப்பு.

வீட்டில் எல்லாரும் தூங்கப் போய்விட்டார்கள். மனைவியின் போன் மேசைமேல் இருந்தது. டம்ளர் இன்னும் அங்கேயேதான் இருந்தது.